டவர் விழுந்தாலும் மெசேஜ் போகுமா? கை மாற்றி விடும் ‘மல்டிஹாப்’, சேர்ந்து குரல் கொடுக்கும் ‘கூட்டுப் பரிமாற்றம்’: எது எப்போது கைகொடுக்கும்?

2017 செப்டம்பர் 20. கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா சூறாவளி தாக்கியது. மறுநாள் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் வெளியிட்ட கணக்கின்படி, தீவில் இருந்த செல்போன் டவர்களில் சுமார் 95 சதவீதம் வேலை செய்யவில்லை. தீவு முழுக்க மின்சாரமும் இல்லை.

மக்கள் கையில் போன் இருந்தது. ஆனால், ‘நாங்க நல்லா இருக்கோம்’ என்று ஒரு வரி அனுப்ப வழியில்லை. பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு மெசேஜ் அனுப்பினாலும் அது டவர் வழியாகத்தான் போக வேண்டும். டவர் இல்லையென்றால் எதிர்வீடும் வெளிநாடும் ஒன்றுதான்.

பிறகு தன்னார்வலர்கள் சிலர் ‘கோடென்னா’ என்ற உள்ளங்கை அளவு ரேடியோ கருவிகளை அங்கே கொண்டு போனார்கள். போனுடன் இணைத்தால், ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த கருவிக்கு என்று குறுஞ்செய்தி தாவிப் போகும். டவர் தேவையில்லை.

இப்படிக் கருவிகள் தங்களுக்குள்ளேயே செய்தியைக் கடத்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கை மாற்றிக் கை மாற்றி விடுவது. இன்னொன்று, பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே செய்தியை அனுப்புவது. இதில் எது சிறந்தது என்ற கேள்வி, ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து வரும் ஒன்று. இக்கட்டான நேரத்தில் ஒரு மெசேஜ் போய்ச் சேருமா, சேராதா என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

அட்ஹாக் நெட்வொர்க் என்றால் என்ன?

டவர், ரவுட்டர், கேபிள் என்று எந்தக் கட்டமைப்பும் இல்லாமல், அருகருகே இருக்கும் ரேடியோ கருவிகள் அந்த நேரத்துக்குத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் வலையமைப்புதான் அட்ஹாக் நெட்வொர்க். யார் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம், நகரலாம். ஒவ்வொரு கருவியும் தன் வேலையையும் பார்க்கும், அடுத்தவர் செய்தியையும் கடத்திவிடும்.

இது புது யோசனை இல்லை. 1970-களிலேயே அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ‘பாக்கெட் ரேடியோ’ வலையமைப்பை அமைத்துச் சோதித்தது. போர்க்களத்தில் டவர் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் காரணம்.

மல்டிஹாப் ரூட்டிங்: செங்கல் கை மாற்றுவது போல

கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒருவர், படியில் ஒருவர், மேலே ஒருவர் என வரிசையாக நின்று கை மாற்றி விடுவார்கள். யாரும் முழுத் தூரமும் நடக்க வேண்டாம். மல்டிஹாப் ரூட்டிங் இதேதான். அனுப்புபவரிடமிருந்து பெறுபவர் வரை ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாதையில் உள்ள கருவிகள் மட்டும் செய்தியை வரிசையாகக் கடத்தும். ஒவ்வொரு தாவலுக்கும் ‘ஹாப்’ என்று பெயர்.

பாதையை எப்படிக் கண்டுபிடிக்கும்? 2003-ல் இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான ஏஓடிவி என்ற முறையை எடுத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டிய கருவி முதலில், ‘இந்த ஆளைத் தெரியுமா?’ என்று சுற்றியிருப்பவர்களிடம் கேட்கும். அவர்கள் தங்களைச் சுற்றியிருப்பவர்களிடம் கேட்பார்கள். கேள்வி உரியவரை எட்டியதும், பதில் வந்த வழியே திரும்பி வரும். பாதை ரெடி. நடுவில் ஒருவர் நகர்ந்துபோனால் ‘வழி அறுந்துவிட்டது’ என்ற தகவல் வரும். மறுபடியும் முதலிலிருந்து தேடல்.

இதில் என்ன லாபம்? பேட்டரி. ரேடியோ சிக்னல் தூரம் போகப் போக வேகமாக வலுவிழக்கும். தூரம் 2 மடங்கானால் திறந்தவெளியில் 4 மடங்கு பவர் வேண்டும். கட்டடங்களும் மரங்களும் நிறைந்த தரைமட்டத்தில் 16 மடங்கு வரைகூட ஆகலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 100 மீட்டருக்கு அனுப்ப 1 பங்கு பவர் போதும் என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டரை ஒரே மூச்சில் தாண்ட திறந்தவெளியில் 16 பங்கும், மோசமான சூழலில் 256 பங்கும் தேவை. அதையே 100 மீட்டர் வீதம் 4 தாவலாகப் பிரித்தால் மொத்தமே 4 பங்குதான். சிக்னலைக் கேட்பதற்கும் கருவியை விழித்திருக்க வைப்பதற்கும் ஆகும் செலவு தனி. ஆனாலும் வித்தியாசம் பெரிது.

எங்கே சறுக்குகிறது?

செங்கல் வரிசையில் ஒருவர் தடுமாறினால் போதும், மொத்த வேலையும் நின்றுவிடும். மல்டிஹாப்பின் முதல் பலவீனம் இதுதான்.

ஒவ்வொரு தாவலும் 90 சதவீதம் வெற்றி பெறும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 தாவல் தாண்டுவதற்குள் வெற்றி வாய்ப்பு சுமார் 59 சதவீதமாகச் சரிந்துவிடும். போய்ச் சேராததை மறுபடி அனுப்பலாம், அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மறுமுயற்சியும் நேரத்தையும் பேட்டரியையும் தின்னும்.

இரண்டாவது பலவீனம், காற்று பொதுச்சொத்து என்பது. ஒரு கருவி பேசும்போது, அதே அலைவரிசையில் இருக்கும் அக்கம்பக்கத்துக் கருவிகள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்னல் மோதிக்கொள்ளும். அதனால் நீளமான சங்கிலியில் ஒரு செய்தி போகும் வேகம், எல்லாம் சரியாக நடந்தாலே, ஒற்றைத் தாவலின் வேகத்தில் சுமார் 4-ல் ஒரு பங்குதான். 2001-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் அப்போதைய வைஃபை முறையை வைத்துச் செய்த கணினிச் சோதனையில் அது 7-ல் ஒரு பங்கு வரை இறங்கியது.

மூன்றாவது, கூட்டம் கூடினால் நெரிசலும் கூடும். 2000-ம் ஆண்டில் பியூஷ் குப்தாவும் பி.ஆர்.குமாரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. இதில் குமார், சென்னை ஐஐடியில் 1973-ல் பி.டெக் முடித்தவர். மல்டிஹாப் முறையில் ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வேகம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைவிடச் சற்று வேகமாகவே குறைந்துகொண்டு போகும் என்று அவர்கள் காட்டினார்கள்.

சிம்பிளாகச் சொன்னால், 100 பேர் இருக்கும் வலையமைப்பு 10,000 பேராக வளர்ந்தால், ஒருவருக்குக் கிடைக்கும் வேகம் 10-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். காரணம், அவரவர் செய்தியைவிட அடுத்தவர் செய்தியைச் சுமப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவருடன் மட்டும் பேசினால் இந்தச் சிக்கல் குறைவு. தொலைவில் இருப்பவருடன் எல்லோரும் பேச நினைக்கும்போதுதான் வலையமைப்பு திணறும்.

கூட்டுப் பரிமாற்றம்: வீணாகப் போகும் ‘ஒட்டுக்கேட்டல்’

இப்போது ஒரு கேள்வி. மல்டிஹாப்பில், அ என்ற கருவி ஆ-வுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. ஆனால் ரேடியோ அலை ஒரு கம்பிக்குள் போவதில்லை, எல்லாப் பக்கமும் பரவும். பக்கத்தில் இருக்கும் இ, ஈ ஆகிய கருவிகளின் காதிலும் அதே செய்தி விழும். அவை என்ன செய்யும்? ‘இது நமக்கு இல்லை’ என்று தூக்கிப் போட்டுவிடும்.

ஓசியில் காதில் விழுந்ததை ஏன் வீணாக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் கூட்டுப் பரிமாற்றத்தின் தொடக்கம். செய்தியைக் கேட்ட கருவிகள் எல்லாம் சேர்ந்து அதையே மறுபடி அனுப்பினால், பெறுபவருக்குப் பல திசைகளிலிருந்து ஒரே செய்தி கிடைக்கும். மல்டிஹாப் என்பது செங்கல் வரிசை என்றால், இது ஊர் கூடித் தேர் இழுப்பது.

நடுவில் ஒரு கருவி உதவி செய்தால் எவ்வளவு தகவல் அனுப்ப முடியும் என்ற கணித ஆராய்ச்சி 1971-லேயே தொடங்கிவிட்டது. 1979-ல் தாமஸ் கவர், அப்பாஸ் எல் கமால் இருவரும் அதற்கு அடித்தளமான கட்டுரையை எழுதினார்கள். ஆனால் சாதாரணப் பயனாளர்களின் கருவிகளே ஒன்றுக்கொன்று உதவலாம் என்பதை 2003, 2004-ல் வெளியான ஆய்வுகள்தான் விரிவாகக் காட்டின. லேன்மன், டேவிட் சே, வோர்னெல் மூவரும் எழுதிய 2004-ம் ஆண்டுக் கட்டுரை அவற்றில் முக்கியமானது.

ஏன் இது வேலை செய்கிறது?

வீட்டுக்குள் போனை லேசாக நகர்த்தியதும் சிக்னல் கூடுவதையோ குறைவதையோ கவனித்திருப்பீர்கள். சிக்னல் சுவரில், காரில், தரையில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் போனுக்கு வருகிறது. சில இடங்களில் இந்த அலைகள் ஒன்றையொன்று தூக்கிவிடும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதனால் 6 சென்டிமீட்டர் நகர்ந்தாலே நிலைமை மாறிவிடலாம்.

ஒரே ஒரு பாதையை நம்பினால், நீங்கள் அந்த ‘குழி’யில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. ஆனால் தனித்தனி இடங்களில் இருக்கும் 3 கருவிகள் ஒரே செய்தியை அனுப்பினால், மூன்றுமே ஒரே நேரத்தில் குழியில் விழுவது அபூர்வம்.

முன்பு போட்ட கணக்கையே மறுபடி பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் 3 கருவிகள் சேர்ந்து உதவுகின்றன, ஒவ்வொன்றின் வெற்றி வாய்ப்பும் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் ஒருசேரத் தோற்கும் வாய்ப்பு 1,000-ல் 1 மட்டுமே. 5 கட்டம் தாண்டினாலும் வெற்றி வாய்ப்பு 99.5 சதவீதம். 59 எங்கே, 99.5 எங்கே! நிஜத்தில் பக்கத்துப் பக்கத்துக் கருவிகளின் சிக்னல் முழுக்கத் தனித்தனியாக இருக்காது என்பதால், லாபம் இந்த அளவுக்கு வராது. ஆனால் திசை இதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. 4 கருவிகள் ஒரே செய்தியை அனுப்பினால் சராசரியாக 4 மடங்கு சக்தி போய்ச் சேரும். அலையின் மேடும் மேடும் துல்லியமாகச் சேரும்படி அனுப்பினால் அது 16 மடங்கு வரை போகும். அந்த அளவுக்கு செய்தி எட்டும் தூரமும் கூடும்.

அப்புறம் ஏன் எல்லா போனிலும் இது இல்லை?

தேர் இழுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தால் என்ன ஆகும்? தேர் நகராது. கூட்டுப் பரிமாற்றத்தின் தலைவலி இதுதான்.

* நேரம் பொருந்த வேண்டும்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 240 கோடி முறை ஏறி இறங்குகிறது. தனித்தனிக் கடிகாரம் கொண்ட 4 கருவிகள், இந்த அலைகளின் மேடும் மேடும் சேரும்படி அனுப்புவது மிகக் கடினம். தவறினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலான நடைமுறைத் திட்டங்கள் 16 மடங்கு லாபத்தைத் துரத்தாமல், நம்பகத்தன்மை லாபத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

* உதவிக்கும் விலை உண்டு: முதலில் கருவி செய்தியை அனுப்ப வேண்டும், பிறகு உதவியாளர்கள் அனுப்ப வேண்டும். ஒரு செய்திக்கு இரண்டு முறை காற்றைப் பயன்படுத்தினால் வேகம் பாதியாகும். ‘பெறுபவருக்குச் செய்தி சேரவில்லை என்றால் மட்டும் உதவு’ என்பது 2004-ம் ஆண்டுக் கட்டுரை சொன்ன தீர்வுகளில் ஒன்று.

* அடுத்தவர் பேச முடியாது: மல்டிஹாப்பில் ஊரின் ஒரு மூலையில் ஒரு செய்தியும் மறு மூலையில் இன்னொரு செய்தியும் ஒரே நேரத்தில் போகலாம். பல கருவிகள் சேர்ந்து ஒரே செய்தியை அனுப்பும்போது அதன் சத்தம் பெரிய பரப்பை அடைத்துவிடும். அந்தப் பரப்பில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும்.

* சிப் ஒத்துழைக்க வேண்டும்: ‘இந்த நொடியின் இந்த நுண்பகுதியில் அனுப்பு’ என்று ரேடியோ சிப்புக்கே உத்தரவிட வேண்டும். போனில் நீங்கள் இறக்கும் சாதாரண ஆப் ஒன்றுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

நிஜத்தில் எங்காவது பயன்படுகிறதா?

பயன்படுகிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் டிஜிட்டல் டிவி ஒளிபரப்பே இதற்கு உதாரணம். பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியை அனுப்புகின்றன. சற்றுத் தாமதமாக வரும் சிக்னலையும் டிவி சேர்த்துப் புரிந்துகொள்ளும்படி இடைவெளி விட்டு வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே டவர்களும் துல்லியக் கடிகாரங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. டவரே இல்லாத இடத்தில்?

2011-ல் சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘குளோஸி’ என்ற முறையை வெளியிட்டார்கள். சின்னச் சின்ன சென்சார் கருவிகள். ஒன்று செய்தி அனுப்பும், கேட்டவை எல்லாம் உடனே சேர்ந்து திருப்பி அனுப்பும், அதைக் கேட்டவை எல்லாம் மறுபடி சேர்ந்து அனுப்பும். பாதை தேடும் வேலையே கிடையாது. தேவைப்பட்ட நேரத் துல்லியம், நொடியின் 20 லட்சத்தில் ஒரு பங்கு. செய்தி சில மில்லிநொடிகளில் மொத்த வலையமைப்புக்கும் பரவியது. பெரும்பாலான சோதனைகளில் ஒரு கருவிக்குச் செய்தி கிடைக்கும் வாய்ப்பு 99.99 சதவீதத்தைத் தாண்டியது.

இதைப் போன்ற ‘பராஜ் ரிலே’ முறையை அமெரிக்காவின் டிரெல்லிஸ்வேர் நிறுவனம் கையடக்க ராணுவ ரேடியோக்களில் கொண்டுவந்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் வீரர்களுக்கு நடுவே பாதை தேடி, அது அறுந்து, மறுபடி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதுதான் காரணம்.

சரி, ஜெயிப்பது யார்?

குப்தா - குமார் போட்ட வரம்பைக் கூட்டு முறையால் உடைக்க முடியுமா என்ற கேள்விக்கு 2007-ல் ஒரு பதில் வந்தது. ஓஸ்கூர், லெவெக், சே மூவரும், கருவிகள் குழுக்குழுவாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு பெரிய ஆன்டெனா போல ஒத்துழைத்தால், ஆட்கள் கூடினாலும் ஒவ்வொருவரின் வேகமும் பெரிதாகக் குறையாமல் காக்கலாம் என்று கணித ரீதியாகக் காட்டினார்கள். ஆனால் 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு, குறிப்பிட்ட பரப்புக்குள் எத்தனை தனித்தனி அலை வழிகள் இருக்க முடியும் என்பதற்கு இயற்பியலே ஓர் எல்லை வைத்திருக்கிறது என்று நினைவூட்டியது. தவிர, குழுவாக ஒத்துழைக்கும் முன் உறுப்பினர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளவே நிறைய நேரம் ஆகும்.

ஆக, நடைமுறையில் கேள்வியை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

* பலர், பல இடங்களில், தங்களுக்குள் தனித்தனியாகப் பேச வேண்டும், கருவிகள் அதிகம் நகராது என்றால் மல்டிஹாப்.

* ஒரே எச்சரிக்கை எல்லோருக்கும் உடனே போக வேண்டும் என்றால் கூட்டுப் பரிமாற்றம்.

* கருவிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பாதை நிலைக்காது என்றாலும் கூட்டுப் பரிமாற்றம்.

* நடுவில் ஒரு பெரிய இடைவெளி, ஒற்றைக் கருவியின் சிக்னல் எட்டாது என்றால், அந்த ஒரு தாவலில் மட்டும் சிலர் சேர்ந்து அனுப்பலாம். மற்ற தாவல்களில் மல்டிஹாப்பே போதும்.

கடைசியாகச் சொன்ன கலப்பு முறைதான் பல ஆய்வாளர்களின் விருப்பமும். பாதையை மல்டிஹாப் தேர்ந்தெடுக்கும், பலவீனமான இடத்தில் கூட்டு முறை தோள் கொடுக்கும்.

உங்கள் போனில் இருக்கும் ஆப் எந்த வகை?

2014-ல் ஹாங்காங் போராட்டத்தின்போது ‘ஃபயர்சாட்’ ஆப் பிரபலமானது. 2025-ல் ஜாக் டோர்சி வெளியிட்ட ‘பிட்சாட்’ வந்தது. இவை போன்ற ஆப்கள் புளூடூத் போன்ற குறுந்தூர ரேடியோவில் ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குச் செய்தியைத் தாவ வைப்பவை. பிட்சாட்டில் அதிகபட்சம் 7 தாவல். லோரா ரேடியோவில் இயங்கும் ‘மெஷ்டாஸ்டிக்’ கருவிகளில் வழக்கமான அமைப்பு 3 தாவல், அதிகபட்சம் 7. சிலவற்றில் பாதையே கிடையாது. கேட்ட கருவி சற்றுக் காத்திருந்து திருப்பிச் சொல்லும், அதற்குள் வேறொன்று சொல்லிவிட்டால் பேசாமல் இருந்துவிடும்.

அதாவது, இவை எல்லாமே ஒருவர் பின் ஒருவராகப் பேசும் வகை. சேர்ந்து தேர் இழுக்கும் வகை இல்லை. அதனால் மல்டிஹாப்பின் பலவீனங்கள் இவற்றுக்கும் பொருந்தும்.

இதைத் தெரிந்து வைத்திருப்பதில் என்ன பயன்? மூன்று விஷயங்கள். ஒன்று, இந்த ஆப்கள் ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் கைகொடுக்கும். நடுவில் உள்ளவர்களிடமும் அதே ஆப் இயக்கத்தில் இருக்க வேண்டும். இணையம் போன பிறகு டவுன்லோடு செய்ய முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு, ஆபத்து நேரத்தில் போட்டோவும் வீடியோவும் அனுப்பினால் காற்று அடைபடும். ‘எங்கே இருக்கோம், எத்தனை பேர், என்ன வேணும்’ என்ற ஒரு வரிதான் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். மூன்று, லோரா போன்ற ரேடியோ கருவி இருந்தால் மொட்டை மாடி போன்ற உயரமான இடத்தில் வையுங்கள். தாவல்களின் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு தாவல் குறையும்போதும் மெசேஜ் சேரும் வாய்ப்பு கூடும்.

போர்ட்டோ ரிக்கோவில் அன்று போன்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து போனின் செய்தியைத் தூக்கிச் சுமக்க அவற்றுக்குத்தான் வழி இருக்கவில்லை. கை மாற்றியோ, சேர்ந்து குரல் கொடுத்தோ, அந்த வழியை போனுக்குள்ளேயே முன்கூட்டி வைத்துவிட்டால், அடுத்த புயலில் டவர் விழுந்தாலும் அந்த ஒரு வரி போய்ச் சேரும்.